காயமும் கடதாசியும்: மட்டக்களப்புக் களக் குறிப்புகள்

2025 மார்ச் 4, செவ்வாய்

கொக்கட்டிச்சோலைப் பக்கம், போரில் காயப்பட்டவர்கள் இருக்கும் மூன்று வீடு. மூன்றிலும் பெயர்தான் சிக்கல். பிறப்புப் பத்திரத்தில் 'கந்தையா', அடையாள அட்டையில் 'கந்தயா', வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே வேறு. உதவிப்பணத்துக்கோ இழப்பீட்டுக்கோ விண்ணப்பம் நிரப்ப முதல் எல்லாக் கடதாசியையும் பாயில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு அதையும் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோங்கள். சமூக சேவை உத்தியோகத்தரிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

மார்ச் 6, வியாழன்

மாதாந்த உதவிப்பணம் வேறு, போர்க் காயத்துக்கான இழப்பீடு வேறு. இழப்பீட்டுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஒன்றுக்கு எழுதினால் மற்றதும் கிடைக்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது பெரிய இழப்பு.

காயத்துக்கு அத்தாட்சி பலரிடம் இல்லை. இடம்பெயர்வில் தப்பியதைச் சுனாமி கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆண்டும் வாட்டும் (வார்டு) நினைவிருந்தால் அங்குள்ள பதிவறையில் தேடச் சொல்லிக் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் புது எக்ஸ்ரே எடுக்கலாம். உடம்புக்குள்ளே இருக்கும் ஷெல் (எறிகணை) துண்டு அதில் தெரியும். வைத்தியரின் அறிக்கையோடு சேருங்கள். அந்தப் படம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலின் உள்ளே படமெடுக்கும் சோதனை) என்று யாராவது சொன்னால் முதலில் அதைக் காட்டுங்கள். காந்தத்தில் உலோகம் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பார்வையே போகக்கூடும்.

மார்ச் 11, செவ்வாய்

வாகரையில் ஒருவர். முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால். மிஞ்சிய கால் குறுகக் குறுக, அதை நுழைக்கும் செயற்கைக் காலின் குழி காலை நேரத்தைவிடப் பின்னேரம் தளர்கிறது. தளர்ந்தால் இன்னொரு காலுறை போட வேண்டும். கழற்றிப் பத்து நிமிடத்துக்குப் பிறகும் தோலின் சிவப்பு மாறாவிட்டால் அன்றைக்கு மறுபடி மாட்டவே கூடாது. இந்த வெக்கையில் வேர்வை தேங்கித்தான் தோல் உரிகிறது. குழியை இரவில் கழுவுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தோடு மாட்ட வேண்டிவரும். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழ் தலையணை வைக்கக் கூடாது. மூட்டு மடிந்தபடி இறுகினால் பிறகு எந்தச் செயற்கைக் காலும் சரியாகப் பொருந்தாது.

மார்ச் 14, வெள்ளி

முள்ளந்தண்டு காயப்பட்ட ஒருவர். படுக்கைப் புண் வராமலிருக்க, படுக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டல், சில்லுக்கதிரையில் அரை மணிக்குள் ஒருமுறை கையூன்றி உடலைத் தூக்கல். மனைவி இதை விடாமல் செய்துவருகிறார். வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறது, இன்னும் உடையவில்லை. சிவந்த இடத்தைத் தேய்க்கவேண்டாம், அதன்மேல் பாரம் போகாமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள் என்று சொல்லி வந்தோம். நாளைக்குத் திரும்பப் பார்க்க வேண்டும்.