தைனானின் ஏழு அன்னையர் கோயிலில்

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்து ஏழாம் நாளைச் சீனர்கள் ‘சீஷி’ என்கிறார்கள். சீனக் காதலர் நாள் என்று உலகம் அறிந்திருப்பது அதைத்தான். பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். தைவானின் பெரிய நகரங்களில் அன்று பூக்கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். தீவின் தென்மேற்கிலுள்ள பழைய தலைநகரான தைனானில் மட்டும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோரும் பாட்டிமாரும் ஒரு சிறிய கோயிலுக்குப் போகிறார்கள். நானும் போனேன்.

கோயிலின் பெயர் காய்லோங். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சோங்ஷான் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்ப வேண்டும். 1732-இல் எழுந்த கோயில் என்றாலும் பெரிய மண்டபமோ அகன்ற முற்றமோ கிடையாது. ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. கருவறையில் இருப்பவர்கள் ‘சி நியாங் மா’ எனப்படும் ஏழு அன்னையர். சீஷி இவர்களின் பிறந்தநாளும்கூட.

இந்த ஏழு பேரில் ஒருத்திதான் காதல் கதையின் நாயகி. வானுலகில் துணி நெய்யும் அவள் மண்ணில் மாடு மேய்க்கும் ஒருவனை மணந்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றாள். தேவலோகத்து அரசியன்னை அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் இருவரையும் இரண்டு கூடைகளில் வைத்து, காவடித் தண்டில் சுமந்தபடி கணவன் துரத்தினான். அரசியன்னை கொண்டை ஊசியை எடுத்து வானத்தில் ஒரு கோடு கிழிக்க, அது ஆகாய கங்கையாகப் பெருகி இருவரையும் பிரித்தது. ஆண்டுக்கு ஒரு முறை, இந்த நாளில், மேக்பை என்னும் காக்கையினப் பறவைகள் கூடிப் பாலம் கட்டுகின்றன. இருவரும் சந்திக்கிறார்கள்.

அவளுடைய விண்மீன் நம் அபிஜித். அவனுடையது திருவோணம். திருவோணத்துக்கு நம் கணக்கில் மூன்று மீன்கள். திருமாலின் மூவடி என்று நாம் வணங்கும் அதே மூன்றில், சீனர்கள் நடுவில் தகப்பனையும் இரு பக்கமும் கூடைப் பிள்ளைகளையும் கண்டார்கள். காதல் கதையாக இதைச் சொல்கிறவர்கள் அந்தக் கூடைகளை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளை விட்டுப் பிரிந்த தாயும் அவளுடைய சகோதரிகளும் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காக்கிறார்கள் என்று தைனான் நம்புகிறது. கதையைச் சரியாகப் படித்த ஊர் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது, அன்னையரிடம் வேண்டிக்கொண்டு, சிவப்புக் கயிற்றில் காசு கோத்துக் கழுத்தில் கட்டுகிறார்கள். ஆண்டுதோறும் கயிற்றை மாற்றுவார்கள். பதினாறாம் வயதில் அதைக் கழற்றி, ‘இதுவரை காத்தீர்கள், நன்றி’ என்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சடங்குக்காகத்தான் இந்த நாளில் இத்தனை கூட்டம். பிறந்ததுமே ஒரு வயது என்பது அவர்கள் கணக்கு. ஆகவே வந்திருந்த பிள்ளைகள் பதினைந்து நிரம்பியவர்கள். பழைய காலத்து அரசுத் தேர்வில் முதலிடம் பெற்றவர் அணியும் சிவப்பு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த வயதுக்கே உரிய கூச்சத்தோடு நின்றார்கள். ஒரு பையன் கைபேசியை அங்கிக்குள் ஒளித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு செய்த, மாடிகள் அடுக்கிய ஒரு சிறு மண்டபத்தைப் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்கிறார்கள். பிள்ளை மண்டியிட்டு அதன் அடியில் தவழ்ந்து வெளியே வர வேண்டும், மூன்று முறை. ஆண் பிள்ளை இடப்பக்கமும் பெண் பிள்ளை வலப்பக்கமும் திரும்புவது வழக்கம். தாயைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பையன்கள் முழங்காலை மடக்கித் தவழ்வதைப் பார்த்துப் பாட்டிமார் சிரித்தார்கள். தாய்மார்களில் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அந்த மண்டபத்தைத் தீயிலிட்டு அன்னையருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன், பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை உருட்டி, படையல் திருப்திதானா என்று உத்தரவு கேட்கிறார்கள். ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம்.

இந்தப் பதினாறுக்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது. நகரின் மேற்குப் பகுதியில் ஐந்து கால்வாய்கள் சேர்ந்த துறைமுகம் இருந்தது. அங்கே மூட்டை தூக்கிய சிறுவர்களுக்குப் பதினாறு வரை அரைக் கூலி. அதன்பின் முழுக் கூலி. வீட்டுக்குக் கூடுதலாகக் காசு வரும் நாளைக் கொண்டாடாமல் இருப்பார்களா? கால்வாய்கள் மண்மூடிப் போய்விட்டன. ஷென்நோங் தெருவின் பழைய மர வீடுகளைப் பார்த்தால் அந்த வணிகத்தைக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

பதினாறாம் வயதுக்குத் தாயின் பிறந்த வீட்டார் சீர் கொண்டுவர வேண்டும். தலை முதல் கால் வரை புது உடை, கைக்கடிகாரம், சைக்கிள், ஆமை வடிவ அச்சில் பிடித்த சிவப்புப் பலகாரம். நம் ஊர்த் தாய்மாமன் சீரேதான். தட்டு ஏந்தி வரும் பெருமிதம்கூட மாறவில்லை.

படையல் மேசையில் எதை வைத்தாலும் ஏழாக வைக்கிறார்கள். முகப்பவுடர், குங்குமச் சாயம், சீப்பு, கண்ணாடி, சிவப்பு நூல், கோழிக்கொண்டைப் பூ, வாடாமல்லி. வணங்கி முடித்ததும் பவுடரிலும் பூவிலும் பாதியை ஓட்டுக்கூரை மேல் எறிந்து அன்னையருக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். அம்மனோடு அலங்காரப் பொருளைப் பங்கு போட்டுக்கொள்ளும் இந்த உரிமை எனக்கு மிகவும் பிடித்தது.

உணவில் முக்கியமானது ‘தங் குவே’. பசையரிசி மாவை உருட்டித் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி வேகவைக்கிறார்கள். குழி எதற்கு என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். பேத்தி மொழிபெயர்த்தாள்: “கண்ணீரைப் பிடிக்க.” நெசவுக்காரி இன்று அழுவாள் அல்லவா! எண்ணெய்ச் சோறும் உண்டு. பசையரிசியை நல்லெண்ணெயில் காளானோடு கிளறுகிறார்கள். வாசனை ஆளை இழுக்கும். சைவர்கள் விசாரித்துச் சாப்பிடுவது நல்லது. உலர்ந்த இறாலும் பன்றியிறைச்சியும் கலப்பது வழக்கம்.

அதே சோற்றையும் நல்லெண்ணெய்க் கோழியையும் மாலையில் வீட்டில் பிள்ளையின் கட்டில் மீது வைத்துக் ‘கட்டில் தாய்’க்குப் படைக்கிறார்கள். தூங்கும் குழந்தையைக் காப்பவள் அவள். பூஜையை மட்டும் சட்டென்று முடித்துவிட வேண்டுமாம். நீட்டினால் பிள்ளை காலையில் எழுந்திருக்க மாட்டானாம்.

சீனாவில் வேறு வகை. அங்கே பழைய நாளில் பெண்கள் நிலவொளியில் ஏழு கண் ஊசியில் நூல் கோத்துக் கைத்திறன் வேண்டினார்கள். மாவும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்துப் பொரித்த ‘ச்சியாவ் குவோ’ அங்குள்ள பலகாரம். 2006-இல் சீனா இந்தத் திருநாளைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், ஏழாம் மாதம் தைவானில் ஆவிகள் உலவும் மாதம். நம் ஆடியைப் போலவே கல்யாணம் வைக்க மாட்டார்கள். காதலுக்கு நாள் உண்டு, முகூர்த்தம் கிடையாது.

காதலர்களையும் பார்த்துவிடலாம் என்று பிற்பகலில் சோங்சிங் கோயிலுக்குப் போனேன். சிவப்பு நூலால் ஜோடி சேர்க்கும் யுவே லாவ் கிழவர் அங்கே இருக்கிறார். விலகிப்போன மனம் திரும்ப வேண்டுமென்றால், வணங்கிவிட்டு அங்குள்ள வினிகர் ஜாடியைக் கிளற வேண்டும். இளம் ஜோடிகளை எதிர்பார்த்துப் போனால், ஜாடியின் முன் நின்று கிளறிக்கொண்டிருந்தவர் நரைத்த தலையுள்ள ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி, சரியாகக் கிளறுகிறாரா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.