மம்ஃபோர்ட் டாக்டரும் நிபோங் திபால் பல்வலியும்

'மம்ஃபோர்ட்' 1999-ல் வந்த ஆங்கிலப் படம், லாரன்ஸ் காஸ்டன் எழுதி இயக்கியது. மம்ஃபோர்ட் என்பது ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாக வந்து, ஏற்கெனவே தொழில் நடத்தும் இரண்டு பேரைவிட அதிகக் கூட்டம் சேர்த்துவிட்ட மனநல ஆலோசகர் பெயரும் அதுதான். மனுஷன் அதிகம் பேச மாட்டார், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பார், அவ்வளவுதான். ஆனால் சளசளவென்று பேசும் வக்கீல் ஒருவரை (மார்ட்டின் ஷார்ட்) பொறுக்க முடியாமல் வெளியே அனுப்பிவிடுகிறார். வம்பே அங்கேதான் ஆரம்பம், ஏனென்றால் வக்கீல் இவருடைய பூர்வீகத்தைத் தோண்டக் கிளம்பிவிடுகிறார்.

தோண்டினால் பட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. வருமான வரி இலாகாவில் வேலை பார்த்து, போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்து, பெயரை மாற்றிக்கொண்டு வந்த ஆள். (இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன படம், கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.)

வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. மேரி மெக்டோனல் நடித்த பணக்கார அம்மா கேட்லாக்கைப் பார்த்துப் பார்த்து ஆர்டர் போடுகிறார், வீடு முழுக்கப் பார்சல். அன்று கேட்லாக், இன்று ஷாப்பி ஆன்லைன் கடை. கூரியர்காரர் ஹாரன் அடித்ததும் புருஷனுக்குத் தெரியாமல் ஓடிப்போய் வாங்கி அலமாரிக்குள் தள்ளுகிறவர்கள் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) உண்டு. எப்போதும் அசதியாகக் கிடக்கும் சோஃபியை (ஹோப் டேவிஸ்) டாக்டர் நடக்கக் கூட்டிப் போகிறார், நடந்து நடந்து காதலும் வந்துவிடுகிறது. வைத்தியத்துக்கு வந்த பெண்ணோடு! படம் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறது.

இதே ஆள் நம் மலேசியாவில் போர்டு மாட்டியிருந்தால் கதை வேறு. படம் வருவதற்கு முந்தின வருஷமே, 1998-ல், இங்கே கவுன்சலர் சட்டம் வந்துவிட்டது, ஆக்தா (சட்ட எண்) 580. முறையாகப் பதிந்து சான்றிதழ் எடுத்தால்தான் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்யலாம்.

சரி, போலிப் பட்டத்தைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த வாயைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஸ்கிப் என்று ஒரு கோடீஸ்வரப் பையன் (ஜேசன் லீ), மோடம் செய்து சம்பாதித்தவன், ஊருக்குள் ஸ்கேட்போர்டில் திரிகிறவன். ஆலோசகரிடம் போவது தெரிந்தால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, நண்பர்கள் மாதிரி பேசிக்கொள்ளலாம் என்கிறான். நம்ம டாக்டர் என்னடாவென்றால் மற்றவர்கள் கதையையெல்லாம் அவனிடம் அவிழ்த்துவிடுகிறார்.

நிபோங் திபாலில் இருக்கும் என் தோழி ஒருத்தி பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்துதான் கவுன்சலரைப் பார்க்கிறாள். அங்கேயே யாரையாவது பார்க்கலாமே என்றால், "வேற வினையே வேணாம், கோயில் கமிட்டி முழுக்கச் சேதி போயிடும்" என்பாள். ஒருநாள் அவள் காத்திருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு வருகிறார், அதே கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி.

"என்னம்மா இங்க?"

"பல்லு வலிக்கா."

"எனக்கும் பல்லுதாம்மா."

அந்தக் கட்டடத்தில் பல் டாக்டரே கிடையாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பழைய பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்களாம். இன்றுவரை கோயிலில் பார்த்தால் "பல்லு எப்படி இருக்கு" என்றுதான் விசாரித்துக்கொள்கிறார்கள். மம்ஃபோர்ட் டாக்டரிடம் போயிருந்தால் மறுநாளே இரண்டு பல்லும் ஸ்கிப்புக்குத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு திட்டினாலும் படம் பிடித்தது. லோரன் டீன் அந்த டாக்டராக அலட்டாமல் நடித்திருக்கிறார், அவர் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே நமக்கும் எதையாவது கொட்டத் தோன்றுகிறது. கடைசிப் பகுதியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். டிவியில் குட்டு உடைந்த பிறகும் ஊர்க்காரர்கள் அவரைத் தாங்குகிறார்கள், ஸ்கிப்புக்குக்கூட ஒரு ஜோடி கிடைத்துவிடுகிறது.

அப்புறம், மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் பகற்கனவுகளைச் சொல்லும் காட்சிகள் ஒரு மாதிரி. அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.