விட்டுப்போன ஒரு நாள்

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மொத்தக் கணக்கும் போச்சா சார்?" என்று, யூதர்கள் 49 இரவுகள் நாளெண்ணும் ஓமர் எண்ணிக்கையைப் பற்றிய வகுப்பில் மாணவி கேட்டார். "போகாது, எண்ணிக்கிட்டே போகலாம்மா. இறைவாழ்த்து மட்டும் சொல்லக் கூடாது" என்றேன். யூதச் சட்டப்படி சரியான பதில்தான். ஆனால் அதே வகுப்பில் சற்று முன் நான் எடுத்துப் பேசிய யூத அறிஞர் மைமோனிடிஸின் கருத்தோடு அது ஒட்டவில்லையோ என்று இன்னும் அரிக்கிறது.

மைமோனிடிஸ் 1168-இல் எகிப்தில் முடித்த, மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் உரையில் ஒரு கணக்குப் போடுகிறார். ஒருவர் ஆயிரம் பொற்காசை ஒரே ஆளுக்கு ஒரே தடவையில் தருகிறார். இன்னொருவர் ஒவ்வொரு காசாக ஆயிரம் தடவை தருகிறார். தொகை ஒன்றுதான், ஆனால் ஈகை குணமாகப் படிவது இரண்டாமவரிடம். முதலாமவருக்கு மனம் ஒருமுறை பொங்கி அடங்கிவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்று இதை நம் பழமொழியில் அடக்கிவிடத் தோன்றும். பழமொழி சேரும் வெள்ளத்தைப் பார்க்கிறது. இவர் பார்ப்பது துளி விழுந்து விழுந்து குழிந்த கல்லை. நாற்பது வயதுவரை எழுத்தறியாமல் இருந்து பின்னாளில் பெரிய யூத ஆசானான அகிவா, அப்படி ஒரு கல்லைப் பார்த்த பிறகுதான் படிக்கத் தொடங்கினார் என்கிறது மரபு.

இந்தக் கணக்கில் ஒரு நாள் தவறினால் 999. அவ்வளவுதான்.

ஓமர் எண்ணிக்கை அவ்வளவு இளக்கம் காட்டாது. பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவில் தொடங்கி ஷாவுவோத் பண்டிகை வரை 49 இரவுகள். இருட்டிய பின் நின்றுகொண்டு, இறைவாழ்த்துச் சொல்லி, "இன்று பதினேழாம் நாள், அதாவது இரண்டு வாரமும் மூன்று நாளும்" என்று நாளையும் வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அந்தி நேரத்தில் வரும். இன்னும் எண்ணாதவரிடம் யாராவது "இன்னைக்கு எத்தனாவது?" என்று கேட்டால், "நேத்து பதினாறு" என்றுதான் சொல்ல வேண்டும். "இன்னைக்கு பதினேழு" என்று வாய்தவறினால் எண்ணியதாகிவிடும். அன்றைய இறைவாழ்த்துக்கு இடமில்லை. இரவில் மறந்தால் மறுநாள் பகலில் வாழ்த்தில்லாமல் எண்ணிவிடலாம், அடுத்த இரவிலிருந்து எல்லாம் பழையபடி. எண்ணினோமா இல்லையா என்று வெறும் சந்தேகமென்றாலும் வாழ்த்தோடு தொடரலாம். இரவும் பகலும் சேர்ந்து தவறினால்தான் மீதி நாட்களுக்கு வாழ்த்துக் கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பைபிளின் லேவியராகமம் ஏழு வாரங்கள் "முழுமையாக" இருக்கட்டும் என்பதால், 49 நாளும் ஒரே கடமை, ஒன்று அறுந்தால் எல்லாம் அறுந்தது என்பது ஒரு கட்சி. ஒவ்வொரு இரவும் தனிக் கடமை என்பது மறு கட்சி. 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்ட நூல், எண்ணுவதைத் தொடரச் சொல்லி ஒரு கட்சியையும், வாழ்த்தை நிறுத்தி மறு கட்சியையும் மதித்தது. தேவையில்லாத வாழ்த்து கடவுளின் பெயரை வீணாக உச்சரிப்பதாகிவிடும் என்ற அச்சம் அதில் உண்டு.

ஆக, நான் சொன்ன பதில் ஒரு சமரசத் தீர்ப்பு. மாணவி கேட்டது சட்டத்தைத்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். குணத்தைத் திருத்துகிற முயற்சியைக் கேட்டிருந்தால், யூத அறிஞர் மெண்டல் லெஃபினின் பேரேட்டைக் காட்டுவதே பொருத்தம். லெம்பர்க்கில் 1808-இல் வெளிவந்த அவர் முறையில் 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. அன்றாடம் சறுக்கிய இடத்தைக் கட்டத்தில் குறிக்க வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளினிடமிருந்து வந்த யோசனை. பின்னால் குணப் பயிற்சியை வலியுறுத்திய முசார் என்ற யூத இயக்கத்தார் எடுத்து வளர்த்தார்கள். பொறுமை வாரத்தில் ஒழுங்கையும் மௌனத்தையும் சேர்த்துத் திருத்தப் பார்ப்பவர்தான் சீக்கிரம் கைவிடுகிறார். அதிகம் பிடிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது என்பது யூதச் சட்ட விவாத நூலான தல்மூதிலேயே உள்ள விதி. லெஃபினின் கட்டத்தில் தவறிய நாள் ஓட்டை அல்ல. பதிய வேண்டியதே அதுதான்.

இருந்தாலும் வாழ்த்தை இழக்கும் அந்தச் சிறு தண்டனை இல்லையென்றால் நாற்பதாம் இரவு யாருக்கு நினைவிருக்கும்? தவறியவருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பக்கத்தில் நிற்பவர் சொல்லும் வாழ்த்தைக் கேட்டு, ஆமென் சொல்லி, பிறகு தன் எண்ணைச் சொல்லலாம். அது சலுகையா, நினைவூட்டலா என்று எனக்கு முடிவாகவில்லை.