மே தீவில் ஒரு நாள்: அலகில் ஒரே ஒரு மீன்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆன்ஸ்ட்ரதர் என்று ஒரு சின்னத் துறைமுகம். ஜூன் மாதத்தில் ஒரு காலை, அங்கிருந்து முக்கால் மணி நேரப் படகுப் பயணத்தில் மே தீவுக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கியதுமே ஆர்க்டிக் ஆலாக்கள் தலையில் கொத்த வந்தன. முட்டையைக் காக்கிற பறவைகள், கொத்தத்தான் செய்யும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

எல்லாரும் பஃபின் என்கிற கடற்பறவையைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நானும் அப்படித்தான். வண்ண அலகில் பத்துப் பன்னிரண்டு மீன்கள் குறுக்கே தொங்க, வளைக்குள் ஓடி மறைகிறது. பிடித்த மீனை நாக்கால் மேலண்ணத்து முட்களோடு அழுத்திக்கொள்வதால், வாயைத் திறந்து அடுத்த மீனையும் பிடிக்க அதனால் முடிகிறது.

ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது மேற்குப் பாறைச்சரிவில் தோளோடு தோள் உரசி நின்ற கில்லெமாட் என்கிற கடற்பறவைகள். வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, கூடு கிடையாது. கடலிலிருந்து வரும் ஒவ்வொன்றின் அலகிலும் நீளவாக்கில் ஒரே ஒரு மீன், வால் மட்டும் வெளியே. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றுகூட இரண்டு கொண்டுவரவில்லை.

கில்லெமாட் நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கக்கூடியது. நீருக்குள் துடுப்பு போடுவதற்கேற்ற குட்டை இறக்கை, பறப்பதற்கோ பெரும்பாடு. அவ்வளவு சக்தியைச் செலவழித்து ஒற்றை மீனோடு திரும்புவதென்றால், எங்கே போய் எந்த மீனைப் பிடிக்கிறது என்பதில்தான் குஞ்சின் உயிரே இருக்கிறது.

அந்த மீன் பெரும்பாலும் சேண்டீல், பென்சில்போல் ஒல்லியான வெள்ளி மீன். இல்லாவிட்டால் மத்திக் குடும்பத்து ஸ்ப்ராட். சேண்டீல் இரவில் மணலுக்குள் புதைந்துகொள்ளும். சேறு கலந்த மணல் அதற்கு ஆகாது, பருமணல்தான் வேண்டும். அதனால் கடலடியில் அப்படிப்பட்ட மணல் எங்கே கிடக்கிறதோ அதுவே பறவைகளின் சாப்பாட்டு இடம். ஃபோர்த் முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள வீ பேங்கி மணல்திட்டு அப்படி ஒன்று. படகுகளும் அதே மீனுக்குத்தான் அங்கே போயின. 2000-இல் அங்கே சேண்டீல் பிடிப்பதை நிறுத்தினார்கள். 2024-இல் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் தடை வந்தது. எனக்கு அது தாமதமாக வந்த நல்ல முடிவாகவே படுகிறது.

2004-இல் இந்தத் தீவுக்கு மீன் வந்தது, ஆனால் மீனில் கொழுப்பு போதவில்லை. குஞ்சுகள் தேறவில்லை. 2007-இல் நடந்ததைப் படித்தபோது மனசே ஆறவில்லை. வழக்கமாகத் தாயோ தந்தையோ ஒன்று குஞ்சோடு நிற்கும். அந்த வருடம் இரை போதாமல் இரண்டுமே கடலுக்குப் போக, தனியே நின்ற குஞ்சுகள் பலவற்றைப் பக்கத்துக் கில்லெமாட்களே கொத்திக் கொன்றன.

கொஞ்சம் தள்ளி ஒரு ஷாக், நம் நீர்க்காகத்தின் உறவு, இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகில் தண்ணீர் ஊறும். அடிக்கடி கரையேற வேண்டியிருப்பதால் பக்கத்துக் கடலடியிலேயே இரை தேடுகிறது. மீனை விழுங்கியே கொண்டுவந்து, குஞ்சின் தலை தன் தொண்டைக்குள் நுழைய விட்டு ஊட்டுகிறது.

திரும்பும் படகில் எல்லாரும் எடுத்த பஃபின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய் நின்றேன். திறந்த கடல் பக்கமிருந்து கில்லெமாட்கள் அலையை ஒட்டித் தாழ்வாக, இறக்கையைப் படபடவென்று அடித்தபடி வந்துகொண்டிருந்தன. ஒன்று படகுக்கு மிக அருகே கடந்தது. அதன் அலகில் மீன் வால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.