செல்லங்களுக்குள் ஒரு செல்லம்: நாலு விலங்குகள் இருக்கும் வீட்டின் நாட்குறிப்பு

2025 மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக் கணக்கு: நாய் ஒன்று, 12 கிலோ. மூத்த பூனை, வயது 11. இளைய பூனை, வயது 2. முயல் ஒன்று, வயது 3. யார் செல்லம் என்பதில் ரகசியம் இல்லை. இளைய பூனைதான். கூப்பிட்டால் வருகிறது, மடியில் ஏறுகிறது, கண்ணைப் பார்த்துக் கத்துகிறது. மூத்தது சுவரோரமாக நடந்து போய்விடும்; தொட்டால் சீறும்.

செல்லமாக ஆவது பெரும்பாலும் சட்டென்று பதில் சொல்லும் விலங்குதான். ஆனால் அந்தப் பதில் இந்த வீட்டில் கற்றதல்ல. பூனைக்குட்டி மனிதக் கைக்குப் பழகும் காலம் ஏறக்குறைய 2 முதல் 7 வாரம். நாய்க்குட்டிக்கு 3 முதல் 12 வாரம், சிலவற்றுக்கு இன்னும் இரண்டு வாரம் கூட. அந்த நாட்களில் கைபடாமல் வளர்ந்த பூனைக்கு மடி என்பது பொறி மாதிரி. அன்பில்லாத பூனை என்று அதற்குப் பட்டம் கட்டுவது அநியாயம்.

முயல் விஷயத்தில் அநியாயம் இன்னும் பெரிது. தரையிலிருந்து தூக்கப்படுவது இரை விலங்குக்குப் பிடிபடுவதற்குச் சமம். அதனால் தூக்கினால் உதைக்கும், உதைத்தால் "முரட்டு முயல்" என்று பெயர் வரும். அதே முயல் காலருகே வந்து உடம்பை நீட்டிப் படுக்கும், மோவாயைச் செருப்பில் தேய்க்கும், தலையைத் தடவினால் பல்லை மெல்ல நறநறக்கும். மெல்லிய நறநறப்பு சுகம். உடம்பைக் குறுக்கிக்கொண்டு சத்தமாகக் கடித்தால் அது வலி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

ஒன்றைக் கொஞ்சினால் மற்றவற்றுக்குத் தெரியுமா? நாய்க்குத் தெரியும். 2009இல் வெளிவந்த வியன்னா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (ஃப்ரீடரிக்கே ராங்கெ குழு) பக்கத்தில் இருக்கும் நாய்க்குத் தீனி கிடைத்து, தனக்கு ஒன்றும் கிடைக்காதபோது நாய்கள் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டன. தனியாக, தீனியே இல்லாமல் கேட்டபோது அதைவிட நெடுநேரம் கொடுத்தன. இதில் வீட்டுக்கு உதவும் பகுதி வேறு: ஒன்றுக்கு ரொட்டி, மற்றதற்கு இறைச்சி என்று தந்தபோது நாய்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆக, தரத்தில் சமம் தேவையில்லை. ஒன்றுக்குக் கிடைக்கும்போது இன்னொன்றுக்கு வெறுங்கை காட்டுவதுதான் சிக்கல்.

2014இல் கலிஃபோர்னியாவில் 36 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், எசமானர் பொம்மை நாயைக் கொஞ்சியபோது நாய்கள் இடையில் புகுந்தன, முட்டின. புத்தகத்தைச் சத்தமாக வாசித்தபோது அந்த அளவுக்கு இல்லை.

செல்லத்தைத் தடவும்போது நாய் மூக்கை நுழைத்தால் அநேகம் பேர் செய்வது, முழங்கையால் தள்ளிவிடுவது. அதில்தான் வினை. செல்லம் அருகில் இருந்தால் தனக்கு இழப்பு என்று நாய் கற்றுக்கொள்ளும். அடுத்த கட்டம் உறுமல். மாற்று வழி: உட்காரும் இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நாய்க்கு ஒரு பாய். பூனை மடியில் ஏறிய கணமே நாயின் பெயரைச் சொல்லி, பாயில் ஒரு சிறு துண்டு. பூனை இருக்கும்வரை பத்து விநாடிக்கு ஒன்று, பிறகு இருபது, பிறகு முப்பது. பூனை இறங்கியதும் துண்டு நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் பூனை, பிறகு தீனி. மாற்றிச் செய்தால் தீனியைக் கண்டதும் பூனை வரும் என்று பாடம் தலைகீழாகிவிடும்.

உறுமலைத் திட்டி அடக்குவது ஆபத்து. உறுமல் எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றினால் அடுத்த முறை நேரே கடிதான். உறுமலுக்கு முன்பே உடம்பு விறைக்கும், கிண்ணத்தின் மேல் தலை தாழும், தின்னும் வேகம் கூடும், கண்ணோரம் வெள்ளை தெரியும். அங்கேயே தூரத்தைக் கூட்டிவிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

"தலைமை நாய்க்கு முதலில் வை" என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. அதன் வேர் 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஷெங்கல், கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் திருத்திச் சொல்லிவிட்டார். யார் முதலில் என்பதைவிட, தினமும் அதே வரிசை என்பதுதான் அமைதி தரும். இங்கே முயல், மூத்தது, இளையது, நாய். காத்திருக்கத் தெரிந்தது கடைசியில்.

மார்ச் 9, ஞாயிறு

எடை நாள். ஆளும் விலங்குமாக எடைக்கருவியில் ஏறி நின்று ஆளின் எடையைக் கழிக்கும் முறை நாய்க்குப் போதும். பூனைக்கும் முயலுக்கும் போதாது. அந்தக் கருவிகளில் 100 கிராம் முன்பின் சாதாரணம். குழந்தை எடைக்கருவியோ, 10 கிராம் வரை காட்டும் தட்டுத் தராசோ வேண்டும். அட்டைப்பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டால் பூனை தானாகவே உள்ளே போய் உட்காரும். பெட்டி விஷயத்தில் பூனைகள் ஏமாற்றுவதில்லை.

இளையது 4.85. போன மாதம் 4.61. மூத்தது 3.76. போன மாதம் 3.92.

முதல் எண்ணுக்குக் காரணம் அன்பு. 4.6 கிலோ பூனையின் ஓய்வுநிலைத் தேவையைக் கணக்கிட: எடையின் கனத்தை (4.6 × 4.6 × 4.6 = 97.3) எடுத்து இரண்டு முறை வர்க்கமூலம் காண வேண்டும், 3.14 வரும். அதை 70ஆல் பெருக்கினால் 220 கிலோகலோரி. கருத்தடை செய்த வீட்டுப்பூனைக்கு 1.0 முதல் 1.2 மடங்கு, அதாவது 220இலிருந்து 264க்குள். இதில் ட்ரீட் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுமார் 25 கிலோகலோரி என்பது உலர்தீனியில் 6, 7 கிராம்தான். உள்ளங்கையில் பாதிகூட நிறையாது. செல்லமாக இருப்பதன் முதல் கேடு இதுதான்.

ஏற்பாடு: காலையில் ஒரு சிறு டப்பாவில் அன்றைய ட்ரீட் முழுவதையும் எடைபோட்டு வைத்துவிட வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். காலியானால் நாளைக்குத்தான். ஒவ்வொன்றையும் நாலாகக் கிள்ளி வைத்தால் கொடுக்கும் கைக்கும் திருப்தி.

இரண்டாவது எண்தான் கவலை. 160 கிராம் மனிதனுக்கு ஒன்றுமில்லை, 3.92 கிலோ உடம்பில் 4 விழுக்காடு. நன்றாகத் தின்றுகொண்டே 11 வயதுப் பூனை இளைத்தால் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் மூன்றும் சந்தேகப் பட்டியலில் வரும். ரோமம் இளைப்பை மூடிவிடும். விரலால் முதுகெலும்பைத் தடவினால் தெரியும், ஆனால் தொட்டால் சீறும் பூனையின் முதுகை யார் தடவுவார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

மூத்தது மருத்துவரிடம். ரத்தத்தில் டி4 (தைராய்டு சுரப்பின் அளவு), சிறுநீரகம், சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம் என்று கேட்டு வாங்க வேண்டிய பட்டியல்.

செல்லம் அல்லாத விலங்குக்கு உண்மையான ஆபத்து பட்டினியோ அடியோ அல்ல. நோய் தாமதமாகக் கண்ணில் படுவதுதான். செல்லம் ஒருமுறை தும்மினால் வீடே கூடுகிறது. மற்றது இரண்டு நாள் தின்னாததை மூன்றாம் நாள் யாரோ சொல்கிறார்கள். அதற்குள் பூனையின் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கலாம், குண்டான பூனையென்றால் இன்னும் சீக்கிரம். முயலுக்கு அவ்வளவு அவகாசமும் இல்லை: 10, 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம். ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நாலுக்கும் தினம் பார்க்க வேண்டியவை: தின்றதா, தண்ணீர் குறைந்ததா, மணல் தட்டில் எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, தூங்கும்போது மூச்சு எத்தனை. மூச்சை 30 விநாடி எண்ணி இரட்டிக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூனையின் வலி முகத்தில் தெரியும்: காது வெளிப்பக்கம் சாயும், கண் சுருங்கும், மூஞ்சி இறுகும், மீசை நேராக முன்னே நீளும், தலை தோளுக்குக் கீழே தாழும்.

தட்டுகள் பொது என்றால் எது யாருடையது என்று தெரியாது. சந்தேகம் வந்தால் ஓர் இரவு தனி அறை, தனித் தட்டு. விடிந்ததும் தெரிந்துவிடும்.

மார்ச் 13, வியாழன்

மூத்ததற்குத் தைராய்டு அதிகம். அதைக் குறைக்கும் மாத்திரை மெத்திமசோல், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. தொட்ட கையைக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. மூன்று வாரத்தில் மறு ரத்தப் பரிசோதனை. தைராய்டு இறங்கியபின் அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளியே தெரியலாம், அதனால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

தைராய்டு மிகுந்த பூனைக்கு ஓயாத பசி, நிலைகொள்ளாமை, எரிச்சல். அதன் "குணம்" என்று வருடக்கணக்கில் எழுதி வைத்ததில் எவ்வளவு நோயின் கணக்கு என்பது இனிமேல்தான் பிரியும்.

மார்ச் 16, ஞாயிறு

இடம். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் மணல் தட்டு எண்ணிக்கை: இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வெவ்வேறு அறை வேண்டும். நீளம் பூனையின் உடம்பைப் போல் ஒன்றரை மடங்கு, மணல் 3 முதல் 5 செ.மீ. ஆழம், தினம் ஒருமுறையாவது அள்ளல். வயதானதற்கு ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். மூட்டு வலிக்கிற பூனை ஏறச் சோம்பி வெளியே போகும், அதற்கும் திட்டு விழும்.

செல்லம் செய்யும் அடாவடி சத்தமில்லாதது. நடைவழியில் குறுக்கே படுத்துக்கொண்டு முறைத்துப் பார்க்கும், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அழகாகத் தூங்குவது போல் இருக்கும். மற்றது தட்டுக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளும். அதனால் தட்டு, கிண்ணம், உயரப் பலகை எதற்கும் வழி இரண்டு வேண்டும். கிண்ணங்கள் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடத்தில். பலகை 30 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

மடியும் ஓர் இடம்தான். இரவுப் படுக்கையும்.

மார்ச் 22, சனி

நாய்க்கு உண்ணி மருந்து போடும் நாள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்: நடுக்கம், வலிப்பு, சாவு. நாயோடு ஒட்டித் தூங்குகிற பூனைக்கே, அதாவது செல்லத்துக்கே, ஆபத்து கூடுதல். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் இல்லாத மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே வழி. "பாதி டோஸ் போதும்" என்று நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் ஆளுக்கொரு செல்லம் இருந்தால் சமன் தானாக வரும் என்று நினைப்பதுண்டு. வராது. நாய்க்கு இருவர், இளையதற்கு மூவர், மூத்ததற்கு ஆளில்லை என்றுதான் முடியும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்: யார், எதற்கு, எப்போது. மூத்ததற்கு வாரந்தோறும் ஒரு பொறுப்பாளர், முறை வைத்து.

ஐந்து நிமிடம் நாலுக்கும் உண்டு, ஆனால் ஒரே ஐந்து நிமிடம் அல்ல. இளையதற்குக் குச்சியில் கட்டிய இறகு, வேட்டை முடிந்ததும் தீனி. நாய்க்கு மோந்து பார்க்க விட்டு நடக்கும் நடை. முயலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கிடப்பது. மூத்ததற்கு மூன்று விநாடி முறை: விரலை நீட்டி அது வந்து முட்டினால் கன்னத்தையும் மோவாயையும் மூன்று விநாடி தடவி நிறுத்த வேண்டும். மறுபடி முட்டினால் இன்னொரு மூன்று. முட்டாவிட்டால் அன்றைக்கு முடிந்தது. வயிறும் வால் அடியும் கூடாது.

மாத்திரைக்கு மட்டும் தொட்டால் கை வந்தாலே மாத்திரை என்று ஆகிவிடும். ஒரு மாத்திரைக்கு மூன்று முறையாவது மாத்திரை இல்லாத தொடுதல் வேண்டும். இதில் சோம்பினால் பத்து நாளில் பூனை கட்டிலுக்கு அடியில்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறு பரிசோதனை முடிந்தது. டி4 வரம்புக்குள். சிறுநீரகம் இப்போதைக்குச் சரி.

மூத்தது 3.84. இளையது 4.79. நாய் 12.1. முயல் மாற்றமில்லை.

மூத்தது இரவு கத்துவது குறைந்திருக்கிறது. சீறல் அப்படியேதான். நேற்று ஆறு முறை முட்டியது. ஏழாவது மூன்று விநாடிக்கு இடமில்லை என்று காதைத் திருப்பிக் காட்டியது. ட்ரீட் டப்பா மாலை ஐந்துக்கே காலி. இளையது அதன் முன்னால் உட்கார்ந்து கத்துகிறது. நிரப்பவில்லை.