புகாரெஸ்டில் வெந்நீர் வராத பத்து நாள்

அக்டோபர் 10, 2023, செவ்வாய்

மூன்றாவது நாளாக வெந்நீர் இல்லை. குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், பிறகு பல்லைக் கிட்டவைக்கும் தண்ணீர். சூப் பாத்திரத்தில் காய்ச்சிக் குளிக்கிறேன். கம்பெனி வேலையாக மூன்று வாரம் என்றதும், ஹோட்டல் வேண்டாம், யார் வீட்டிலாவது ஒரு அறை போதும் என்று சொன்னது நானேதான். யாரைத் திட்ட?

வீட்டுக்காரம்மாவுக்கு 77 வயது. அவருக்கு ருமேனியனும் பள்ளியில் படித்த கொஞ்சம் பிரெஞ்சும் தெரியும், எனக்கு இரண்டும் தெரியாது. நடுவில் போனை வைத்துக்கொண்டு பேசுகிறோம். அவர் சொன்னதில் புரிந்தது இது: இந்த ஊரில் பெரும்பாலான அடுக்ககங்களில் வெந்நீரை வீட்டில் காய்ச்சுவதில்லை. மின் நிலையங்களில் காய்ந்து, பூமிக்கடியில் குழாய் வழியே கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து வருகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடு வருவதும் அதே ஏற்பாட்டில்தான். குழாய்களில் பல, ருமேனியாவை 1989 வரை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்குவின் காலத்தில் புதைத்தவை. எங்காவது ஒன்று வெடித்தால் பேட்டை முழுக்க என் கதிதான்.

"அவன் போய் 34 வருஷம் ஆகப்போகுது. குழாய் போகலை," என்றது போன், இளம்பெண் குரலில்.

சனிக்கிழமை ஒரு நடைச் சுற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். கம்யூனிசக் கால புகாரெஸ்ட், மூன்று மணி நேரம். வெந்நீர்க் குழாயும் அதில் ஒரு பாகமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

அப்பாவிடம் சுற்றைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

கோவையில் பஞ்சாலை வேலை முப்பத்தொரு வருஷம், சங்கத்தில் அதைவிடக் கூடுதல். எங்கள் வீட்டில் அம்மாவின் முருகனும் அப்பாவின் லெனினும் ஒரே ஆணியில் மாறி மாறித் தொங்கியவர்கள். நியூ செஞ்சுரி புத்தக வண்டி வந்தால் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்து ரஷ்யாவில் அச்சான குழந்தைப் புத்தகங்களை வாங்கி வருவார். அந்தத் தாளின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. கம்யூனிஸ்ட் என்றால் எனக்கு அரண்மனையும் பால்கனியும் இல்லை. போனஸ் கேட்டு மில் கேட்டில் உட்கார்ந்திருக்கும், டீ வாங்கக்கூடக் காசில்லாத நாலு பேர்.

"அவன் கம்யூனிஸ்ட்டே இல்ல கண்ணு," என்றார் கடைசியில். அப்பாவின் கணக்கில் தப்புச் செய்த எவரும் கம்யூனிஸ்ட் இல்லை. கம்போடியாவின் போல் பாட் இல்லை. ஸ்டாலின் பாதி.

"சரிங்கப்பா."

"ஒண்ணு மட்டும் கேளு. அந்தக் காலத்துல அங்க வேலையில்லாம எவனாச்சும் இருந்தானான்னு கேளு."

"கேக்கறனுங்கப்பா."

1989 டிசம்பர் கடைசியில் அவர் பேப்பரை நாலாக மடித்துப் பரணில் வைத்தது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுப் பேப்பர் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும், பரணுக்குப் போகாது. அதில் என்ன படம் இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும்.

அக்டோபர் 14, சனி

கால் கெஞ்சுகிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

உனிரி சதுக்க நீரூற்றுப் பக்கம் பத்து மணிக்குக் கூடினோம். பதினொரு பேர். ஸ்பெயின் ஜோடி ஒன்று, போலந்துப் பெரியவர் ஒருவர், மற்றவர்கள் மழைக்கோட்டுக்குள் இருந்தார்கள். வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "நான் பிறந்தபோது அவர் செத்து நாலு வருஷம். பாதி அம்மாவிடம் சமையலறையில் கேட்டது, பாதி படித்தது. எது எது என்று இடையில் கேளுங்கள், சொல்கிறேன்," என்று ஆரம்பித்தாள். அப்போதே பிடித்துப்போனது.

எதிரில் நீண்ட சாலை. இப்போது உனிரி புல்வார், அன்றைக்குச் சோசலிச வெற்றிப் புல்வார். பாரிஸின் ஷான்ஸ் எலிசேயை மிஞ்ச வேண்டும் என்று போட்டது. இருபக்கமும் ஒரே உயரத்தில் கட்டடங்கள், கோடியில் மலை மாதிரி, சௌஷெஸ்கு கட்டச் சொன்ன மக்கள் மாளிகை. அதை எல்லோரும் போனில் பிடித்தோம். அவள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, பையிலிருந்து லேமினேட் செய்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக் கை நீட்டிப் பிடித்தாள். சரிவான கல் தெரு, தாழ்ந்த வீடுகள், கொடி படர்ந்த வேலி. "இது நீங்கள் நிற்கும் பக்கத்துப் பேட்டை. உரானுஸ்."

மூன்று மணி நேரமும் இப்படித்தான். ஓரிடத்தில் நிற்போம், அவள் படத்தை உயர்த்துவாள், படத்தில் இருப்பது எதிரில் இருக்காது.

1971இல் சௌஷெஸ்கு சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்வந்தார். பியோங்யாங்கைப் பார்த்த கண்ணுக்கு புகாரெஸ்டின் கோணல் தெருக்கள் பிடிக்காமல் போயின. 1977 மார்ச் 4 இரவு நிலநடுக்கம். நாடு முழுக்க 1,500க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலோர் இந்த ஊரில். அதன் பிறகு இடிப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. உரானுஸ் குன்று நிலநடுக்கத்துக்குத் தாங்கியது, புல்டோசருக்குத் தாங்கவில்லை. ஏறத்தாழ 40,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி அடுக்ககங்களுக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். தோட்டத்தில் ஓடிய நாய்க்கு எட்டாவது மாடியில் இடமேது? அவிழ்த்துவிட்டுப் போனார்கள். பிற்பாடு புகாரெஸ்ட் என்றாலே தெருநாய் என்று பேரானதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

மாளிகை முன்னால் அதிக நேரம் நிற்கவில்லை. 1984இல் தொடங்கியது, தலைமைக் கட்டடக் கலைஞர் அன்கா பெத்ரெஸ்கு, 3,65,000 சதுர மீட்டர், கட்டச் சொன்னவர் முடிந்ததைப் பார்க்கவில்லை. "மற்ற எண்களை உள்ளே டிக்கெட் வாங்கினால் சொல்வார்கள்," என்று நடையைக் கட்டினாள். மற்றவர்கள் முகத்தில் ஏமாற்றம். எனக்கு இல்லை.

அவளுக்குப் பிடித்தது ஒரு கோயில். புல்வார் பக்கத்து அடுக்ககங்களுக்கு நடுவே ஒரு சந்தில் நுழைந்தால், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் மிகாய் வோதா தேவாலயம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இப்போது இருப்பது கட்டிய இடத்தில் இல்லை. 1985இல் அதை அடியோடு அறுத்து, கீழே கான்கிரீட் தட்டு கொடுத்து, தண்டவாளத்தின் மேல் 289 மீட்டர் நகர்த்திக் கொண்டுவந்து இங்கே ஒளித்து வைத்தார்கள். செய்தவர் எவுஜெனியு யோர்தகெஸ்கு என்ற பொறியாளர். உணவகத்தில் சர்வர் தட்டு நிறையக் கண்ணாடிக் குவளைகளைச் சிந்தாமல் கொண்டுபோனதைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். குவளையைத் தூக்காதே, தட்டைத் தூக்கு. பன்னிரண்டு மரக்கால் அரிசியைக் கோணாமல் சுமக்கும் எங்கள் ஊர் ஆயாக்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இது மூவாயிரம் டன். 1987இல் ஆல்பா யூலியா நகரில் ஒரு அடுக்ககத்தையே இரண்டாகப் பிளந்து, ஆட்கள் உள்ளே இருக்க நகர்த்தினாராம். இப்படிப் பிழைத்த கோயில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெகரெஷ்தி மடாலயம் பிழைக்கவில்லை.

அதிகாரி "இடி" என்கிறான். பொறியாளர் முடியாது என்று சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்கிறார். அந்த மனுஷரைப் பற்றித்தான் இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் சங்கத்தில் அப்படிப்பட்டவரைச் சமரசவாதி என்பார்கள்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நகைச்சுவை சொன்னாள். கடையில் ஒருவர்: "இறைச்சி இல்லையா?" கடைக்காரர்: "இங்கே மீன் இல்லை. இறைச்சி இல்லாத கடை எதிரே." போலந்துப் பெரியவர் கோபப்பட்டுவிட்டார், அது எங்கள் நாட்டு ஜோக் என்று. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் வாதாடினார்கள்.

அதே பெஞ்சில்தான் 770ஆம் எண் ஆணையையும் சொன்னாள், குரல் தாழ்த்தி. 1966இல் கருக்கலைப்புக்குத் தடை. மறு வருஷமே பிறப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. 1989 வரை திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் ஏறத்தாழ 10,000 பெண்கள் செத்தார்கள் என்பது மதிப்பீடு. ஸ்பெயின்காரி எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றாள். 1983இல் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் போலீசில் பதிந்து, எழுத்து மாதிரி கொடுக்க வேண்டும் என்று வந்ததாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கைரேகை உண்டல்லவா, நோட்டீஸ் வந்தால் எந்த வீட்டு இயந்திரம் என்று கண்டுபிடிக்க. மில் வாசல் நோட்டீசுகளுக்கு அப்பா இரவல் வாங்கி வந்த ரெமிங்டனை நினைத்துக்கொண்டேன்.

முடிவு புரட்சிச் சதுக்கத்தில். அன்றைய கட்சித் தலைமையகத்தின் பால்கனியைப் பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். முதல் மாடிதான். கீழேயிருந்து மாலை எறிந்தால் கழுத்தில் விழும். 1968 ஆகஸ்ட் 21 அன்று செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததை இங்கே நின்றுதான் சௌஷெஸ்கு கண்டித்தார். "அன்றைய கைதட்டல் நிஜம், என் தாத்தாவும் தட்டினார்," என்றாள். 1989 டிசம்பர் 21, அதே பால்கனி. கூட்டத்தில் திடீரென்று கூச்சல். அவர் கையை உயர்த்தி "அலோ, அலோ" என்கிறார், போன் கட்டானவர் மாதிரி. சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்க்கிறார். மறுநாள் கூரையிலிருந்து ஹெலிகாப்டர். கிறிஸ்துமஸ் அன்று தர்கோவிஷ்தெயில் மனைவி எலெனாவோடு சுட்டுக் கொன்றார்கள்.

எனக்குத் தெரியாதது இதற்குப் பிறகு: அந்த டிசம்பரில் செத்த 1,100க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அவர் ஓடிப்போன பிறகு செத்தவர்கள். யார் சுட்டார்கள், எதற்கு? வழக்கு இன்னும் முடியவில்லை. சதுக்கத்தில் 2005இல் வைத்த நினைவுத் தூணுக்கு ஊரார் வைத்த பெயர் குச்சியில் குத்திய உருளைக்கிழங்கு.

அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "வேலையில்லாதவர் கிடையாது. வேலையில்லாமல் இருப்பது குற்றம். ஒட்டுண்ணி வாழ்க்கை என்று 1970இல் அதற்கு ஒரு ஆணையே உண்டு."

அக்டோபர் 15, ஞாயிறு

வீட்டுக்காரம்மா தவிட்டு நீர் விட்டுப் புளிக்கவைத்த சூப் கொடுத்தார். நேற்று கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். உதட்டைப் பிதுக்கினார். "அந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை."

பிறகு அவர் கணக்கு. பத்தொன்பது வயதில் தொழிற்சாலை வேலை. 1974இல் இந்த வீடு, கேட்காமலே. 77இல் நடுங்கியபோது மகனை மேஜைக்கடியில் தள்ளினார், கட்டடம் நின்றது. 1990க்குப் பிறகு வீட்டைச் சொற்பக் காசுக்கு அவருக்கே விற்றுவிட்டார்கள். "இன்றைக்கு என் பேரன் இந்த ஊரில் வீடு வாங்குவானா? கேள்!"

அப்பா கேட்டால் குளிர்ந்துபோவார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஆரம்பித்தார். வெளிக்கடனை அடைக்க விளைந்ததையெல்லாம் ஏற்றுமதி செய்த எண்பதுகள். எப்போதும் கையில் ஒரு காலிப் பை. வரிசையைக் கண்டால் முதலில் நிற்பது, பிறகுதான் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பது. பன்றிக்கால் மட்டும் கிடைக்கும், அதற்கு அடிடாஸ் என்று பேர். காப்பிக்குப் பதில் ஓட்ஸும் பார்லியும் வறுத்த பொடி, பேர் நெக்கெசோல். குதிரை கனைக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொல்லிவிட்டுக் கனைத்தும் காட்டினார். வீட்டுக்குள் கோட்டும் தொப்பியும். டிவி நாளைக்கு இரண்டு மணி நேரம், அதிலும் சௌஷெஸ்குதான் வருவார். ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி பல்கேரிய டிவி பார்த்துப் பார்த்து பல்கேரியன் கற்றுக்கொண்டாராம். எங்கள் பக்கம் இலங்கை ரூபவாஹினி டிவிக்காக ஆன்டெனா திருப்பிய வீடுகள் உண்டு என்றேன். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, தலையை மட்டும் ஆட்டினார்.

770ஐப் பற்றியும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், ஒரு பெண் பெயரைச் சொன்னார். தொழிற்சாலை என்ற சொல் புரிந்தது. மற்றது புரியவில்லை, போனைத் திருப்பவும் மனம் வரவில்லை. சூப் ஆறிவிட்டது.

அக்டோபர் 17, செவ்வாய்

பியாத்சா ரொமானா மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். வழிகாட்டி சொன்னதால். பிளாட்பாரம் அத்தனை ஒடுக்கம், பெருந்தூண்களுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிகிறது. மாணவர்கள் நடந்து போகட்டும், உடம்பு இளைக்கும், இங்கே நிலையம் வேண்டாம் என்று எலெனா வெட்டிவிட்டதாகவும், கட்டியவர்கள் என்றைக்காவது தேவைப்படும் என்று ரகசியமாகக் குடைந்து சுவரால் மூடி வைத்ததாகவும் கதை. கதைதான், ஆனால் தூண்கள் உண்மை. 1988இல் திறந்தார்கள். யோர்தகெஸ்குவின் ஆட்கள் இந்த ஊரில் எங்கும் இருந்திருக்கிறார்கள்.

இரவு அப்பா: "கேட்டியா?"

"கேட்டனுங்கப்பா. எல்லாருக்கும் வேலை இருந்துச்சாம்."

"பாத்தியா!"

"வேலை இல்லாட்டி ஜெயிலாம்."

பதில் இல்லை. பிறகு, "முட்டை கெடச்சுதான்னு கேட்டியா?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பரணில் இருந்த பேப்பரை எத்தனை தடவை எடுத்துப் படித்தாரோ.

அக்டோபர் 18, புதன்

இரவு பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினார் வீட்டுக்காரம்மா. இரவு உடை, கையில் அலுமினிய வாளி. "வந்துவிட்டது" என்பதற்கு அவருடைய மொழியில் என்ன என்று இன்று தெரிந்துகொண்டேன். குளிக்கப் போவார் என்று பார்த்தால், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். நிரப்பி வைத்தால் ஆறிப்போகும், அது அவருக்கும் தெரியும். பால்கனியில் மெழுகுவர்த்திக் கட்டுகளுக்கும் சர்க்கரை மூட்டைக்கும் நடுவே இடம் ஒதுக்கினார். பதினைந்து நாளுக்கொருமுறை குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்தவள் நான். சொல்லாமலே என் சூப் பாத்திரத்தையும் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தேன்.