ராத்திரி 9 முதல் 2 வரை: பச்சைக்குழந்தையும் அப்பாவின் கைவேலையும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றால் சென்னையில் வேலை பார்க்கும் அப்பாவின் நிலைமை எல்லாருக்கும் தெரிந்ததே. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும். அங்கே போனால் மாப்பிள்ளை என்று நாற்காலி போட்டு காபி கொடுப்பார்கள். குழந்தையை இரண்டு நிமிஷம் மடியில் வைப்பார்கள், சிணுங்கினால் உடனே வாங்கிக்கொள்வார்கள். இப்படியே 3 மாதம் ஓடிவிட்டால், குழந்தை சென்னை வீட்டுக்கு வரும் நாளில் அப்பாவின் கைக்கு ஒன்றுமே பழகியிருக்காது. குழந்தையால் அப்பாவுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் பெரும்பங்கு கைவேலையில்தான் இருக்கிறது. அதனால் கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று ஓரமாக நிற்காமல், சில வேலைகளை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். முழுசாக என்றால், யாரும் ஞாபகப்படுத்தாமல், கடைசியில் பாத்திரம் கழுவி வைப்பது வரை.

முதலில் வாங்க வேண்டியது ராத்திரி 9 மணியிலிருந்து 2 மணி வரையான நேரம். பச்சைக்குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். பால் கொடுப்பது ஒன்றுதான் அம்மாவால் மட்டுமே ஆகிற வேலை. குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, குடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைப்பது, டயபர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அப்பாவால் ஆகும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் விழித்திருக்க வேண்டிய அம்மா அரை மணிக்குள் மறுபடி படுத்துவிடலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் சில வாரங்களுக்குப் படுக்கையிலிருந்து எழுந்து குனிவதே அவர்களுக்குப் பெரிய பாடு.

ஏப்பம் எடுப்பதில் பலர் சொதப்புவது கை வைக்கும் விதத்தில். தோளில் ஒரு துணியைப் போட்டு, குழந்தையின் முகவாய் தோளுக்கு மேல் வருகிற மாதிரி சாய்த்துக்கொள்ளுங்கள். தலை இன்னும் நிற்காது என்பதால் ஒரு கை கழுத்துக்கும் பின்தலைக்கும் தாங்கல். இன்னொரு கையைக் குழித்துக்கொண்டு, முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். தட்டையான கையால் பட்பட்டென்று அடித்தால் குழந்தை மிரளும், காற்று வராது. தோளில் வரவில்லையென்றால் தொடையில் உட்கார வைத்து லேசாக முன்னால் சாய்த்து, தாடையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தாங்குங்கள். விரல் தொண்டையில் அழுந்தக் கூடாது. 10 நிமிஷம் பார்த்தும் வரவில்லை, குழந்தை தூங்கிவிட்டது என்றால் படுக்கவைத்து விடலாம். ஒரு ஸ்பூன் பாலைக் கக்குவது சகஜம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, குடித்த பால் ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படுக்கவைப்பது எப்போதும் மல்லாக்க. தலை உருண்டையாக வரும் என்று பாட்டி கடுகுத் தலையணை தைத்து வைத்திருப்பார். அதை மரியாதையாக வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். முதல் வருஷம் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம், மூச்சு அடைபடும் ஆபத்து இருக்கிறது. குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் அப்பா தூங்கிப்போவது அதைவிட ஆபத்து. விழித்திருக்கும்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பனியனைக் கழற்றிவிட்டு, டயபர் மட்டும் போட்ட குழந்தையை வெறும் நெஞ்சில் கவிழ்த்து, முதுகில் ஒரு மெல்லிய துணியைப் போர்த்துங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அழுத பிள்ளை பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அப்பா ஆனதன் சுகம் தெரிகிற இடம் என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்தில் வரும். ஓரடி தூரத்தில் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் பிடிபடும்.

அம்மா பால் எடுத்து வைப்பதாக இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் பொறுப்பாகட்டும். எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்று படிப்பீர்கள். அது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்குச் சொன்ன கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத சென்னை வீட்டுக்கு அது ஒத்துவராது, எடுத்த கையோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே 4 நாள் வரை இருக்கும். கதவில் வைக்காமல் பின்சுவரை ஒட்டி, 60 மில்லி அளவில் தனித்தனியாக, தேதி எழுதி வைப்பது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் ஓடாது. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நின்றால் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் ஜில்லென்று இருக்கும், வாய் வெந்துவிடும். பாலாடையில் புகட்டினால் தலையை உயர்த்திப் பிடித்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் காரணமே இல்லாமல் வீறிட்டு அழும் குழந்தைகள் உண்டு. 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய் 3, 4 மாதத்தில் தானாகக் குறையும். ஆனால் காரணம் இல்லை என்று முடிவுகட்டும் முன் பசி, டயபர், வியர்வை மூன்றையும் பாருங்கள். கை கால் தொட்டால் சூடு தெரியாது, பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள், வழிந்த பாலும் வியர்வையும் சேர்ந்து அங்கே சிவந்து புண்ணாகியிருக்கும். கால் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் அம்மாவுக்கு முடி கொட்டும், ஒரு முடி விரலில் இறுகிச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது உண்டு. எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை, உங்களுக்கே ஆத்திரம் வருகிறது என்றால், தரையில் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு 5 நிமிஷம் பால்கனிக்குப் போய்விடுங்கள். என்ன ஆனாலும் குலுக்கக் கூடாது, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும்.

தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் வரும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், அப்போது தப்பு நடப்பது மருந்து பாட்டிலில்தான். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம். 4 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 60 மில்லிகிராம் எழுதினால் சொட்டில் 0.6 மில்லி, சிரப்பில் 2.4 மில்லி. சிரப்புக்கு உரிய அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் மில்லி மட்டும் எழுதியிருந்தால் எந்த பாட்டில் என்று கேட்டுவிட்டே வெளியே வாருங்கள். ஊசி போடாத நாளில், 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்.

காகித வேலை சுலபம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அப்பா அம்மா பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று மட்டும் அங்கேயே சரிபாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான்.

ராத்திரி முறை பார்க்கும் அப்பாவுக்குத்தான் இன்னொன்றும் முதலில் கண்ணில் படும். பிரசவமான முதல் இரண்டு வாரம் மனைவி காரணமில்லாமல் அழுவது சகஜம். அதற்குப் பிறகும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வராவிட்டாலோ, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றாலோ ‘எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்று மாமியார் சொல்வதோடு விடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடமே சொல்லலாம். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆபத்தாக எதையாவது செய்துவிடுவார் என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.